அசுவத்தாமனிடம் எப்படிக் கேட்கக் கூடாது

மிகுபுனைவு (ஃபேன்டஸி) எழுதத் தொடங்கும் நண்பர்கள் பலரிடம் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. நாயகன் பிறந்த ஊர், பிடித்த நிறம், பெரிய பயம், மறக்க முடியாத இழப்பு என்று ஐம்பது, நூறு கேள்விகள். வங்கியில் கணக்குத் தொடங்குவது போல எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு ‘ஆள் தயார்’ என்கிறார்கள். கதையில் அந்த ஆள் வாயைத் திறந்ததும் படிவத்தின் வாசனை அடிக்கிறது.

கேள்வி கேட்பதில் தவறில்லை. துயரத்தில் ஊறிய ஒரு பாத்திரத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எதைக் கேட்கிறோம் என்பதில்தான் சறுக்குகிறோம். எல்லாருக்கும் தெரிந்த ஒருவனை வைத்துப் பார்ப்போம். மகாபாரதத்து அசுவத்தாமன், நெற்றியில் மணியோடு பிறந்து, கடைசியில் அதை இழந்து, சீழும் ரத்தமும் நாற 3,000 ஆண்டுகள் தனியாக அலையச் சபிக்கப்பட்டவன். மிகுபுனைவு எழுதும் எவரும் பொறாமைப்படக்கூடிய பாத்திரம்.

அவனிடம் பெரும்பாலோர் முதலில் கேட்பது, ‘உனக்கு என்ன நடந்தது?’ பதில் உடனே கிடைத்துவிடும். போரின் 15ஆம் நாள் பீமன் அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொன்றான். செத்தது மகன்தான் என்று அவன் அப்பா துரோணரை நம்பவைத்தார்கள். அவர் வில்லைக் கீழே வைத்து அமர்ந்தபோது திருஷ்டத்யும்னன் தலையை வெட்டினான். சரி, நடந்தது தெரிந்துவிட்டது. ஆனால் ஆளைத் தெரியவில்லை. அதே சம்பவத்தை வேறு பக்கத்திலிருந்து தொட்டுப் பாருங்கள்: அந்தப் பொய்க்குக் கருவியாக இருந்தது அவன் பெயர். அதற்குப் பிறகு பாசறையில் யாராவது ‘அசுவத்தாமா’ என்று கூப்பிட்டால் அவனுக்கு என்ன ஆகிறது? திரும்பிப் பார்க்கிறானா? கை எங்கே போகிறது? கூப்பிட்டவர் அவன் பெயரைச் சொல்லாமல் ‘குருவின் மகனே’ என்று மாற்றிக்கொண்டால் நிம்மதி அடைகிறானா, இன்னும் நொறுங்குகிறானா? இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்று ஒரு காட்சியைப் பெற்றுத் தரும். முதல் கேள்வி தருவது முன்கதைச் சுருக்கம் மட்டுமே.

இன்னொரு தவறு, எல்லாவற்றையும் ஒரே காயத்தில் கொண்டுபோய் மாட்டுவது. அப்பா கொல்லப்பட்டார், அதனால் இவன் இப்படி ஆனான் என்று முடித்துவிடலாம். ஆனால் மகாபாரதத்தின் முதல் பகுதியான ஆதிபர்வத்தில் ஒரு சிறு பையன் இருக்கிறான். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அழுகிறான். மற்றப் பையன்கள் தண்ணீரில் மாவைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு ‘நான் பால் குடித்தேன்’ என்று ஆடுகிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். இதைப் பீஷ்மரிடம் சொல்பவர் துரோணர். அவமானப்பட்டவர் அவர்தான். அந்த வேகத்தில்தான் பழைய நண்பன் துருபதனிடம் போய் மீண்டும் அவமானப்பட்டுத் திரும்புகிறார். மகனின் குரல் அங்கே இல்லை. அவனுக்கும் அந்த நாள் அவமானமாகத்தான் நினைவிருக்கும் என்று யார் சொன்னது? அவன் ஆடினானே. வாழ்க்கையில் குடித்த மிக ருசியான பால் அதுதான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம். காயமாக நாம் குறித்துவைத்த இடம் பாத்திரத்துக்கு இன்பமாக இருக்கலாம், நாம் கவனிக்காமல் தாண்டிய இடத்தில் வலிக்கலாம். அதனால் ‘உன் மிகப் பெரிய வலி எது?’ என்ற கேள்வியை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

நான் அதிகம் பார்க்கும் தவறுக்கு வருகிறேன். ‘ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்பது. 18ஆம் நாள் இரவு, தொடை முறிந்து துரியோதனன் கிடக்கிறான். கௌரவர் பக்கம் மிச்சமான மூன்று பேர் காட்டில் ஓர் ஆலமரத்தடியில் ஒதுங்குகிறார்கள்: கிருபர், கிருதவர்மன், அசுவத்தாமன். மூன்று பேருக்கும் அதே தோல்விதான். கிருபருக்குத் துரோணர் தங்கையின் கணவர், அசுவத்தாமன் மருமகன். அவருடைய இழப்பும் சிறியதல்ல. ஆனால் கிருபரும் கிருதவர்மனும் படுத்ததும் தூங்கிவிடுகிறார்கள். இவன் மட்டும் விழித்திருக்கிறான். மரத்தில் உறங்கும் காகங்களை ஓர் ஆந்தை கொன்று குவிப்பதைப் பார்க்கிறான். தூங்கிக்கொண்டிருக்கும் எதிரியைக் கொல்லலாம் என்ற எண்ணம் அங்கே பிறக்கிறது. கோபம் மூவருக்கும் பொது. ‘உனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?’ என்பதுதான் அசுவத்தாமனுக்கு மட்டுமே உரிய கேள்வி. அதோடு இன்னொன்றும் உண்டு: காகங்கள் செத்ததைப் பார்த்தபோது உனக்குக் காகம் நினைவுக்கு வராமல் ஆந்தை ஏன் நினைவுக்கு வந்தது?

விழித்தெழுந்த கிருபர் அவனைத் தடுக்கிறார். இரவு ஓய்வெடு, காலையில் பெரியவர்களைக் கேட்போம் என்கிறார். ஆக, நல்ல வார்த்தை சொல்ல ஆள் இருந்தது. ‘உன்னைப் புரிந்துகொள்ள யாருமே இல்லையா?’ என்று உருகும் எழுத்தாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் மருத்துவப் புத்தகத்தைத் திறப்பவர்களும் உண்டு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் என்ற நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980இல்தான் இடம்பிடித்தது. கெட்ட கனவு, திடுக்கிடல், விலகிப்போதல் என்ற அறிகுறிகளைப் படிப்பது நல்லதுதான். அவற்றைப் பாத்திரத்துக்கு அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்தால் நோயாளி கிடைப்பான், மனிதன் கிடைக்க மாட்டான். ஒரே அனுபவம் எல்லாரையும் ஒரே மாதிரி உடைப்பதில்லை என்பது அந்த ஆலமரத்தடியிலேயே இருக்கிறது.

அனுதாபத்தை நோக்கி மட்டுமே கேள்வி கேட்பதும் ஆபத்து. அன்றிரவு பாண்டவர் பாசறையில் திருஷ்டத்யும்னன், ஆயுதத்தால் கொன்றுவிடு என்று கெஞ்சுகிறான். அசுவத்தாமன் மறுத்து, மிதித்தே கொல்கிறான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் அன்றிரவே சாகிறார்கள். அவன் பட்ட துயரத்தை அடுக்கி இதற்கு மன்னிப்பு வாங்கித் தரும் வேலை நமக்கு எதற்கு? கேட்கும் நாற்காலியில் வேறொருவரை உட்காரவையுங்கள். மகாபாரதத்துத் திரௌபதி அவன் தலைமணி வந்தாக வேண்டும் என்று உண்ணாமல் அமர்கிறாள். பாகவதத்துத் திரௌபதியோ, கட்டி இழுத்து வரப்பட்டவனை விட்டுவிடச் சொல்கிறாள். நான் அழுவது போல அவன் தாயும் அழ வேண்டாம் என்கிறாள். இந்த இரண்டு பேரும் அவனிடம் கேட்கும் கேள்வி ஒன்றாக இருக்க முடியுமா? அவன் யாருடைய கண்ணைப் பார்ப்பான்? எனக்கு இரண்டாமவளிடம்தான் அவன் அதிகம் நடுங்குவான் என்று தோன்றுகிறது.

போகிற போக்கில் இன்னொன்று. பாத்திரம் கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். மழுப்பட்டும், பேச்சை மாற்றட்டும். காவல் நிலையத்து விசாரணை போல ஒரே மூச்சில் கேட்டால் காவல் நிலையத்துப் பதில்தான் வரும். கதைக்குச் சரக்கு வேண்டும் என்பதற்காக உயிரோடு இருக்கும் ஒருவரின் புண்ணைக் கிளறவே வேண்டாம்.

அசுவத்தாமனின் சாபத்தில் பலர் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. அந்த 3,000 ஆண்டுகளும் அவனுக்குத் துணை கிடையாது, பேச ஒருவரும் கிடையாது. உச்சைச்சிரவஸ் என்ற தேவலோகக் குதிரையைப் போலக் கனைத்துக்கொண்டு பிறந்ததால், அசுவம் என்ற குதிரையின் பெயரைத் தன் பெயரில் பெற்றவன் அவன். அத்தனை காலம் கழித்து அவன் முன்னால் நீங்கள் கேள்வியோடு போய் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வாயைத் திறந்தால் முதலில் வருவது சொல்லா, கனைப்பா? என் குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்குக் கீழே அரைப்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன்.