அமெரிக்காவிலிருந்து இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க: இன்ஷியலில் சிக்காமல் கோப்பு போடுவது எப்படி?

கணவன், மனைவி இருவரில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தால்தான் ஐ-800ஏ விண்ணப்பம் (நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள் என்று அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் ஒப்புதல் கேட்பது) போட முடியும். இருவரிடமும் கிரீன் கார்டு மட்டும்தான் என்றால் இந்த வழி உங்களுக்குத் திறக்காது. ஊரில் யாரோ கைகாட்டும் குழந்தையைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, விசாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் இப்போதே விட்டுவிடுங்கள். இந்தியா 2003-இல் ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை (நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம்) ஏற்ற நாடு. எல்லாம் காரா (இந்திய அரசின் மத்தியத் தத்தெடுப்பு ஆணையம்) வழியாகத்தான் நடக்கும்.

தகுதி விதிகளை காரா தளத்திலேயே படித்துக்கொள்ளலாம். பலர் கவனிக்காமல் விடுவது ஒன்றுதான்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் போனால் இன்னும் பெரிய குழந்தைக்குத்தான் பதிய முடியும்.

படி 1: ஏஜென்சி

மாநில உரிமம் மட்டும் போதாது. ஹேக் அங்கீகாரம், காராவின் அங்கீகாரம் இரண்டும் இருக்க வேண்டும். முதல் போனிலேயே, "இந்தியாவுக்கு எத்தனை கோப்பு அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வழவழ பதில் வந்தால் அடுத்த ஏஜென்சியைப் பாருங்கள்.

படி 2: ஹோம் ஸ்டடி

உங்கள் வீடும் நீங்களும் குழந்தை வளர்க்கத் தோதா என்று பார்த்து அறிக்கை எழுத சோஷியல் ஒர்க்கர் வீட்டுக்கு வருவார். அலமாரி பளபளப்பாக இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. மருந்து குழந்தையின் கைக்கு எட்டுமா, புகை அலாரம் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பெற்றோருக்கான பயிற்சி குறைந்தது 10 மணி நேரம். 18 வயதுக்குப் பிறகு நீங்கள் குடியிருந்த எல்லா மாநிலத்திலும் குழந்தைக் கொடுமைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று சரிபார்ப்பார்கள். ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் ஊர் மாறியவர்கள் பழைய முகவரிகளை முதல் நாளே ஒரு எக்செல்லில் எழுதி வைக்கவும். ஒரே ஒரு மாநிலத்தின் பதில் தாமதமானாலும் மொத்தக் கோப்பும் நிற்கும். அதற்குள் அறிக்கைக்கு ஆறு மாதம் ஆகிவிட்டால் ஐ-800ஏ-வோடு சேர்க்க முடியாது, புதுப்பிக்கச் சொல்வார்கள்.

படி 3: பெயர்

நம்மவர்கள் கோப்பு திரும்பி வருவது இங்கேதான். ஒரு மாதிரிப் பெயரை வைத்துப் பார்ப்போம். கல்யாணச் சான்றிதழில் "ஆர். கவிதா". பழைய இந்திய பாஸ்போர்ட்டில் "கவிதா ராஜேந்திரன்". டிரைவிங் லைசென்ஸில் "கவிதா செந்தில்". நமக்கு மூன்றும் ஒரே ஆள்; கோப்பைச் சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள். கணவர் பெயர் ஒற்றைச் சொல்லாக இருந்து, விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருந்தால் அது நான்காவது ஆள்.

செய்ய வேண்டியது:

1. எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட.
2. தற்போதைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே தலைமைப் பெயர். ஹோம் ஸ்டடி, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, பரிந்துரைக் கடிதம் எல்லாமே அதன்படி. பரிந்துரை எழுதும் நண்பர் உங்களைச் செல்லப்பெயரில் எழுதிவிடுவார். கையெழுத்துக்கு முன் வாங்கிப் படியுங்கள்.
3. மாற்ற முடியாத பழைய ஆவணங்களுக்கு "ஒரே நபர்" பிரமாணப் பத்திரம். "முதலிய பெயர்கள்" என்று எழுதினால் செல்லாது. ஒவ்வொரு வடிவமும் தனித்தனி வரியில் வரவேண்டும்.
4. தேதிகளில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 04/07/1985 இங்கே ஏப்ரல் 7, இந்தியாவில் ஜூலை 4.

குழந்தையின் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எது பெயர், எது குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்தே எழுதிக் கொடுங்கள். தத்து ஆணையில் உள்ளதுதான் பிறப்புச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும்.

படி 4: நோட்டரி, அப்போஸ்டில்

நோட்டரி முதலில், அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லுபடியாக அரசு இணைக்கும் சான்றுத் தாள்) அப்புறம். நோட்டரி எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலத்தின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்தான் அப்போஸ்டில் தரமுடியும். நியூயார்க் போன்ற இடங்களில் நடுவில் கவுண்டி கிளார்க் ஒருவர் உண்டு. எஃப்பிஐ சான்று மத்திய அரசு ஆவணம் என்பதால் மாநில அலுவலகம் தொடாது, அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத்தான் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய அசல் சான்றிதழுக்கு அப்போஸ்டில் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் வேலை. டெக்சாஸ் அலுவலகத்தில் கொண்டுபோய் நின்று பயனில்லை.

அப்போஸ்டில் தாளோடு வரும் ஸ்டேபிளைப் பிடுங்காதீர்கள். ஸ்கேன் செய்ய வசதியாக இருக்கும் என்று கழற்றினால் அந்த ஆவணம் செல்லாமல் போகலாம். தாளை மடக்கி ஸ்கேன் செய்யுங்கள். போன் ஆப்பை விட வீட்டு ஸ்கேனரே மேல்; போனில் எடுத்தால் முத்திரையின் ஓரம் நிழலில் மறைந்துவிடும்.

படி 5: குழந்தையின் விவரம் வரும்போது

96 மணி நேரத்துக்குள் 'ரிசர்வ்' செய்ய வேண்டும். அதன்பின் குழந்தையின் பின்னணி ஆய்வறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் கையெழுத்திட 30 நாள். சர்வதேசத் தத்தெடுப்பில் பழக்கமுள்ள குழந்தை மருத்துவரை முன்பே பேசி வைத்திருந்தால்தான் இந்த அவகாசம் போதும்.

ஹீமோகுளோபின் குறைவைப் பார்த்து பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இரும்புச் சத்து போதாததுதான். அதைவிடத் தலைச் சுற்றளவில் கண் வையுங்கள். ஒரே அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு, மூன்று தேதிகளின் அளவைக் கேளுங்கள். குறைப்பிரசவக் குழந்தையென்றால் வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். கைக்குழந்தைக்கு எச்ஐவி ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் அது தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம், 18 மாதம் வரை தங்கும்; வேறு வகைப் பரிசோதனை கேட்கவேண்டும். குழந்தை தவழும், பொருளைப் பிடிக்கும் வீடியோ கேட்டு வாங்குங்கள்.

படி 6: வரிசை மாறக்கூடாது

ஐ-800-க்குத் (குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்காகப் போடும் விண்ணப்பம்) தற்காலிக ஒப்புதல், தத்தெடுப்பு தொடரலாம் என்ற அமெரிக்கத் தூதரகத்தின் ஆர்ட்டிகிள் 5 கடிதம், காராவின் என்ஓசி (தடையில்லாச் சான்று), மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, காராவின் இணக்கச் சான்று, பாஸ்போர்ட், கடைசியில் விசா. 2022 செப்டம்பருக்கு முன்புள்ள பதிவுகளில் ஆணை தருவது நீதிமன்றம் என்றிருக்கும்; இப்போது ஆட்சியர். தற்காலிக ஒப்புதலுக்கு முன் ஆணை வாங்கினாலோ குழந்தையைப் பொறுப்பில் எடுத்தாலோ விசா சிக்கும்.

பயணம்

தேதி மாற்றக்கூடிய டிக்கெட் மட்டுமே வாங்குங்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு விசா மருத்துவத்தில் காசநோய் ரத்தப் பரிசோதனை உண்டு. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

காப்பகத்தில் ஆயாவிடம் கேட்க வேண்டியவை: பால்பவுடர் பெயர், எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர், சோறு எவ்வளவு குழைவு, எப்படித் தூங்க வைப்பார்கள். பவுடரை இரண்டு டப்பா கூடவே வாங்குங்கள். துவைக்காத ஒரு துணியைக் கேட்டு எடுத்து வாருங்கள். முதல் வார இரவுகளில் அந்த வாசனை உதவும்.

பின்சேர்க்கை

"இந்தியக் குழந்தைதானே, தமிழ் புரியாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வரும் குழந்தைக்கு ஒடியா, மகாராஷ்டிராவிலிருந்து வந்தால் மராத்தி. பசி, தண்ணீர், வலி, தூக்கம், வா, பயமில்லை: இந்த ஆறு சொல்லையாவது அந்த மொழியில் பேசிப் பழகுங்கள்.

தாத்தா பாட்டி முதல் சில வாரம் சமைக்கட்டும், துவைக்கட்டும்; ஊட்டுவதும் தூக்குவதும் நீங்கள் இருவர் மட்டும். கோபித்துக்கொள்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீடு வந்தபின் குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு ஆண்டில் ஆறு அறிக்கை: முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒன்று. ஐஎச்-3 விசாவில் (தத்து இந்தியாவிலேயே முடிந்த குழந்தைக்குத் தருவது) வந்த குழந்தைக்குக் குடியுரிமைச் சான்றிதழ் விண்ணப்பிக்காமலே தபாலில் வரும். உறையைப் பிரித்ததும் பெயரின் எழுத்துகளைத் தத்து ஆணையோடு வைத்துப் பாருங்கள்.