பேரழிவுப் படங்களின் அறிவியலைக் கேலிச்சித்திரமாக வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில், எழுத்துக்கூட்டிப் படிக்கவே தயங்கும் பிள்ளைகள்கூட, நான்கு கட்டங்களில் ஒரு கேலிச்சித்திரம் வரையச் சொன்னால் பேச்சுக்குமிழுக்குள் தாமாகவே தமிழில் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ளும் பொருள் பேரழிவுப் படங்கள். விண்கல் விழும், பூமி பிளக்கும், கடல் எழும்பும். அதில் வரும் அறிவியல் தப்பு என்று கண்டுபிடித்துச் சிரிப்பதில் அவர்களுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. தேர்ந்த சித்திரங்களை இணையத்திலும் இடுகிறோம். அந்தப் பழக்கத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், இதே வகைச் சித்திரங்களில் பிறர் செய்யக் கண்ட தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சரியாக இருப்பதைத் தப்பு என்று நினைத்துக் கேலி செய்வது. 2009-இல் வெளிவந்த ‘2012’ என்ற படத்தில், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் வேறு வகைத் துகளாக மாறிப் பூமியின் உட்கருவைச் சூடேற்றுவதாகக் கதை போகும். எங்கள் மாணவி ஒருத்தி அதை வரைந்திருந்தாள். முதல் கட்டத்தில் ஓர் அறிவியலாளர், “நியூட்ரினோ மாறிவிட்டது!” என்று அலறுகிறார். அடுத்த கட்டத்தில் இன்னொருவர், “அடிப்படைத் துகள் எங்காவது மாறுமா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், அன்று மாலையே இணையத்தில் இட்டுவிட்டோம். ஆனால் நியூட்ரினோ உண்மையிலேயே மாறும். அதில் மூன்று வகை உண்டு. பயணம் செய்யும்போதே ஒரு வகை இன்னொரு வகையாக உருமாறுகிறது. அதை நிறுவியதற்காகத்தான் தக்காக்கி கஜிட்டாவுக்கும் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. படத்தில் சொல்லப்படும் உருமாற்றம் வேறு கற்பனை என்றாலும், மாறுவதே அபத்தம் என்று சிரித்த எங்கள் சித்திரம், படத்தின் பிழையை விட்டுவிட்டு, இருப்பதற்குள் உண்மைக்கு அருகில் நின்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்றால், சூடேற்றுவதில் இருக்கிறது. நம் விரல்நகம் அளவுள்ள பரப்பின் வழியாக ஒவ்வொரு நொடியும் சூரிய நியூட்ரினோக்கள் ஏறத்தாழ 6,500 கோடி கடந்து போகின்றன. பூமி முழுவதையும் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறியும் அவை எதையும் தொட்டதாகவே தெரிவதில்லை. உட்கருவைக் கொதிக்க வைக்கும் அளவுக்கு அவை பொருளோடு மோதத் தொடங்கினால், வழியில் இருக்கும் கடலையும் மலையையும் மனித உடலையும் மட்டும் எப்படி விட்டுவைக்கும்? ஆகவே சிரிப்பு அங்கேதான் இருக்கிறது: பூமியின் நடு கொதிக்கிறது, மேலே ஒருவர் ஆறிப்போன தேநீரை அருந்திக்கொண்டிருக்கிறார். அந்த மாணவி திரும்ப வரைந்தபோது இதைத்தான் வரைந்தாள். முதல் சித்திரத்தைவிட அதுவே நன்றாகவும் இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை மனிதர் முதன்முதலில் கண்டறிந்தது 1965-இல், இரண்டு தங்கச் சுரங்கங்களின் ஆழத்தில். ஒன்று, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயல். மற்றொன்று, நம் ஜொகானஸ்பர்க்கின் கிழக்கே பாக்ஸ்பர்க்கில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும் சுரங்கம். இதைச் சொன்ன நாளில் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. படத்தில் வந்த சொல்லைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தத் துகளின் வரலாறு தங்கள் முன்னோர் விட்டுவந்த மண்ணிலும் தாங்கள் பிறந்த மண்ணிலும் ஒரே ஆண்டில் எழுதப்பட்டது என்பது புதிய செய்தியாக இருந்தது.

இரண்டாவது தவறு, தப்பைத் தப்பு என்றே கண்டுகொண்டு, காரணத்தைத் தவறாகச் சொல்வது. நிலநடுக்கத்தின் அளவு 10.5 என்று ஒரு படத்தில் வந்தால், “அளவுகோல் பத்தோடு முடிந்துவிடுகிறதே!” என்று பேச்சுக்குமிழில் எழுதுவோர் பலர். அளவுகோல் பத்தோடு முடிவதில்லை. அதற்கு மேல்வரம்பே கிடையாது. வரம்பு பாறையில் இருக்கிறது. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. அத்தனை ஆற்றல் வெளிப்பட வேண்டுமானால் அதற்கேற்ற நீளத்துக்கு நிலப்பிளவு நகர வேண்டும். இதுவரை பதிவானவற்றில் மிகப் பெரியதான 1960-ஆம் ஆண்டின் சிலி நிலநடுக்கம் 9.5; அதில் நகர்ந்த பிளவின் நீளம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். 10.5 என்றால் அதைப் போல 32 மடங்கு ஆற்றல்; அதற்கு ஈடுகொடுக்கும் பிளவு பூமியில் இல்லை. நம் நாட்டில் 1969-இல் துல்பாக் ஊரை இடித்துத் தள்ளிய நிலநடுக்கம் 6.3 என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் எண்களுக்கு இடையிலுள்ள தொலைவு பிள்ளைகளுக்கும் விளங்குகிறது.

விண்கல் பற்றிய சித்திரங்களிலும் இதே கதைதான். 1998-இல் வந்த ஒரு படத்தில் விண்கல் டெக்சாஸ் மாநிலம் அளவுக்குப் பெரியது என்பார்கள். அதைக் கேலி செய்பவர்கள் பெரும்பாலும், “விண்கல்லைத் திசைதிருப்ப முடியுமா, என்ன கற்பனை!” என்று வரைகிறார்கள். திசைதிருப்ப முடியும். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், ஏறத்தாழ 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற விண்கல் மீது மோதி, அது ஒரு பெரிய விண்கல்லைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணிக்கும் சற்றே அதிகமாகக் குறைத்தது. படத்தின் பிழை அளவில் இருக்கிறது. விண்கற்களின் கூட்டத்திலேயே மிகப் பெரிதான சீரிஸ் ஏறத்தாழ 940 கிலோமீட்டர் அகலம். டெக்சாஸ் அதையும் விஞ்சும். அப்படியொன்று வருமானால் பல ஆண்டுகளுக்கு முன்பே தொலைநோக்கியில் தெரியும்; சில நாள் அவகாசத்தில் திடுக்கிட்டு எழ வேண்டியதில்லை. அகலத்தையும் எடையையும் குழப்பிக்கொள்வதும் இங்கே அடிக்கடி நேர்கிறது. அகலம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். 10 கிலோமீட்டர் கல்லோடு ஒப்பிட்டால் டெக்சாஸ் அளவுள்ள கல் 120 மடங்கு பெரியது என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். பருமனில் அது 17 லட்சம் மடங்கு.

ஜொகானஸ்பர்க்கிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஃப்ரெட்ஃபோர்ட் வட்டத்துக்கு ஒருமுறை போய்வந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். சுமார் 202 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஒரு கல் விட்டுச்சென்ற வடு அது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காரில் போகும்போது குன்றுகள் மட்டுமே தெரியும், பள்ளம் தெரியாது. ஏனென்றால் மேற்பரப்பு கிலோமீட்டர் கணக்கில் தேய்ந்துபோய்விட்டது. விண்கல் விழுந்த இடம் என்றாலே கிண்ணம் போன்ற குழியைத்தான் வரைய வேண்டும் என்ற பழக்கத்தை அந்தக் குன்றுகள் மாற்றிவிடும்.

பூமிக்குள் துளையிட்டுப் போகும் படங்களைக் கேலி செய்வோர், தரைக்குக் கீழே உடனே சிவப்புக் குழம்பை ஊற்றி வரைந்துவிடுகிறார்கள். மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகம் பெரும்பாலும் திடப் பாறையே; மெல்ல நகரும், ஆனால் ஓடாது. வெப்பத்தை வரைய விரும்புவோருக்கு நம் நாட்டில் நல்ல சான்று இருக்கிறது. கார்ல்டன்வில் அருகிலுள்ள ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் நான்கு கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போதே பாறையின் வெப்பம் 60 பாகையைத் தாண்டிவிடுகிறது; தொழிலாளர் தாங்குவதற்காக மேலிருந்து பனிக்கூழைக் குழாயில் இறக்குகிறார்கள். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்கும் பிழையைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதைப் பல்லாயிரம் பேர் வரைந்துவிட்டார்கள்.

சில பாதி உண்மைகள் வெறும் சிரிப்போடு போவதில்லை, உயிருக்கே ஆபத்தாகலாம். நடுக்கடலில் சுனாமி மலைபோல் நின்று கப்பலை விழுங்குவதைப் படங்களில் பார்க்கிறோம். 2004 டிசம்பர் 26-இல் அலை தோன்றி இரண்டு மணி நேரம் கழிந்தபின் செயற்கைக்கோள் ஆழ்கடலில் அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மட்டுமே. வேகமோ மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். படகில் இருப்பவருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை என்பது நல்ல சித்திரத்துக்குரிய உண்மை. ஆனால் கரையை நெருங்கும்போது அது வேகம் குறைந்து உயரும் என்ற அடுத்த கட்டத்தை வரையாமல் விட்டால், சுனாமி முழங்கால் உயரம்தான் என்று படிப்பவர் மனத்தில் பதிந்துவிடும். அதேபோல், கடல் உள்வாங்கினால்தான் அலை வரும் என்று காட்டுவதும் கூடாது. அந்த நாளில் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. தமிழகக் கரைக்கோ முதலில் வந்தது ஏற்றம்.

பேரழிவைக் கேலி செய்வது வேறு, அதைத் தவறாகக் காட்டிய படத்தைக் கேலி செய்வது வேறு. ஒரு மாணவன், படத்தில் வரும் வெள்ளம் கண்ணாடிச் சுவர் போலத் தெளிவாக இருப்பதைக் கிண்டல் செய்ய நினைத்து, முதல் கட்டத்திலேயே கூரையைப் பிடித்துக்கொண்டு அலறும் ஒரு பெண்ணை வேடிக்கையாக வரைந்திருந்தான். பக்கத்தில் இருந்த சிறுமி தாளை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, “எங்க ஆயா வீட்டுச் சுவர் அப்படித்தான் போச்சு” என்றாள். 2022 ஏப்ரலில் இங்கே பெய்த மழையில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரின் தெற்கே கப்பல் சரக்குப் பெட்டிகள் அடித்துவரப்பட்டு நெடுஞ்சாலையில் குவிந்து கிடந்தன. அவன் ஒன்றும் பேசவில்லை. அழிப்பானை எடுத்து அந்தப் பெண்ணை அழித்தான். தண்ணீரைப் பழுப்பு நிறமாக்கி, அதில் மரக்கிளையும் தகரமும் மிதக்கவிட்டு, அருகில் குடத்தோடு நிற்கும் திரைப்பட இயக்குநர், “கொஞ்சம் வடிகட்டிக் கொடுங்கள்” என்று கேட்பதாக மாற்றினான். இப்போது சிரிப்பு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிற்று. சிறுமியும் பார்த்துச் சிரித்தாள்.

மொழியிலும் கவனம் வேண்டும். ஆங்கிலச் சித்திரத்தின் சொல்விளையாட்டை அப்படியே தமிழில் எழுதினால் சிரிப்பும் வராது, அறிவியலும் புரியாது. ஒரு குமிழுக்கு ஓர் எண் போதும்; மூன்று எண்களை அடுக்கினால் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தவறு நேர்ந்துவிட்டால் சித்திரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவதும் தவறே. முன்பு அதைப் பார்த்துச் சிரித்தவர் அந்தத் தவறான செய்தியோடுதான் போயிருப்பார். நியூட்ரினோ சித்திரத்தை நாங்கள் நீக்கவில்லை. அதன் கீழே, “நியூட்ரினோ வகை மாறும்; ஆனால் பூமியைக் கொதிக்க வைக்காது. முதலில் தவறாக வரைந்தோம்” என்று அந்த மாணவி தன் கையால் எழுதிய வரியையும், தேநீர் அருந்துபவரின் புதிய சித்திரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.