வீடு மாறுவதா, புதுப்பிப்பதா: கணக்குப் பிசகும் இடங்கள்

பழைய வீட்டைச் சீர்செய்து அதிலேயே இருப்பதா, விற்றுவிட்டு வேறு வீடு வாங்குவதா என்று யோசிக்கும் சென்னைக் குடும்பங்கள் பலவும், மேஸ்திரி சொன்ன தொகையையும் இரு வீடுகளின் விலை வித்தியாசத்தையும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகின்றன. வீடு மாறுவதற்கென்றே உள்ள செலவு இந்தக் கணக்கில் விடுபட்டுப்போகிறது. தமிழ்நாட்டில் தனி வீட்டைக் கிரயம் செய்ய முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு இவை மட்டுமே 7.2 லட்சம் ஆகும், தரகு தனி.

இதைவிடப் பெரிய தவறு, கட்டடத்தின் உறுதியைப் பரிசோதிக்காமல் தரைக்கு டைல்ஸும் சமையலறைக்கு அலமாரியும் தேர்ந்தெடுக்கத் தொடங்குவது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்றும் நீர்க்கசிவும் சேர்ந்து கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு ஏறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கூரையில் காரை பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வண்ணம் அடித்தால் விரிசல் மறையுமே தவிர, துரு நிற்காது. தூண்கள் இல்லாமல் சுவர்களே கூரையைத் தாங்கும் பழைய வீடுகளில், கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை இடிப்பதும், மாடி எழுப்புவதும் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிச் செய்யத்தக்கவை அல்ல. வாஸ்து பார்க்கத் தயங்காமல் ஆள் அழைப்பவர்கள், கட்டமைப்புப் பொறியாளருக்கான கட்டணத்தை வீண்செலவாகக் கருதுவது விந்தைதான். அடித்தளமும் உத்தரங்களும் பழுதென்று அவர் சொன்னால், அந்த வீட்டைப் புதுப்பிக்கும் யோசனையைக் கைவிடுவதே நல்லது.

அடுக்ககவாசிகள் மூன்றாவது வழியை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்து மறுகட்டுமானம் செய்ய வழியுண்டு. பக்கத்து வீட்டார் அதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும்போது, பல லட்சம் செலவழித்து உட்புறத்தை அலங்கரிப்பதில் பொருளில்லை.

விற்பதாக முடிவெடுத்தால் வரியையும் பார்க்க வேண்டும். நீண்டகால மூலதன ஆதாயத்தை, அதாவது நீண்ட காலம் வைத்திருந்த வீட்டை விற்றதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு 2 ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ 3 ஆண்டுகளுக்குள் கட்டினாலோ வருமான வரிச் சலுகை கிடைக்கும். முன்பு ஓர் அறை கூடுதலாகக் கட்டியிருந்தால் அச்செலவையும் ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் ரசீது வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதை நிரூபிப்பது கடினம்.