பழைய கணினியில் பின்னணிச் சேவைகள் எழாதபோது செய்யக்கூடாதவை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைகளிலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளிலும் பத்து வயதைத் தொட்ட கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. காலையில் முடுக்கினால் திரை வந்துவிடும். ஆனால் ரசீது போடும் மென்பொருள் தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று சொல்லும், அச்சுப்பொறி அசையாது, தமிழ்த் தட்டச்சுச் செயலியின் சின்னம் கடிகாரத்தின் பக்கத்தில் தோன்றாது. வெவ்வேறு கோளாறுகளாகத் தெரிந்தாலும் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். விண்டோஸ் தொடங்கும்போது பின்னணியில் தானாக எழவேண்டிய ஏதோவொரு நிரல் எழவில்லை.

அதற்கடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்யும் காரியங்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. கடைக் கணினிகளையும் துணைப்பாட நிலையங்களின் கணினிகளையும் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் காணும் சேதங்களில் பெரும்பங்கு, கோளாற்றைச் சரிசெய்யப் போன அவசரத்தில் விளைந்தவை. கணக்குப் புத்தகம் அழிந்து போவதும், பிள்ளைகளின் படங்கள் நிரம்பிய வன்தட்டு மொத்தமாகச் செத்துப்போவதும் இந்த அவசரத்தால்தான்.

30 வினாடிக் கணக்கு

விண்டோஸுக்குள் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்றொரு பகுதி உண்டு. பின்னணிச் சேவைகளை எழுப்புவது அதன் பொறுப்பு. ஒரு சேவையை எழுப்பிவிட்டு அது பதில் தருவதற்காகக் காத்திருக்கும் நேரம், யாரும் மாற்றியமைக்காத கணினியில், 30 வினாடி. அதற்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று பதிவு செய்துவிடும்.

புதிய கணினிக்கு 30 வினாடி தாராளம். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய வன்தட்டுக்கு அது போதாமல் போகலாம். அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புத் துண்டுகளை அந்தத் தட்டால் வினாடிக்கு ஏறக்குறைய நூறு முறைக்குள்தான் தேடி எடுத்துத்தர முடியும். சுழலும் பாகம் இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் செய்யும். கணினி எழும் முதல் சில நிமிடங்களில் வைரஸ் தடுப்பி, விண்டோஸ் அப்டேட், கிளவுட் ஒத்திசைவு, உலாவியின் புதுப்பிப்பு நிரல் எல்லாம் அந்த ஒரே தட்டை முற்றுகையிடுகின்றன. இயங்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற கட்டத்தில் 100 விழுக்காடு என்று சிவந்து நிற்கும். ரசீது மென்பொருளின் தரவுத்தளச் சேவை அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டால் 30 வினாடி கடந்துவிடும். சேவையில் எந்தப் பழுதும் இருக்காது. அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவே.

இதைத் தெரிந்துகொள்ளாமல் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் இருப்பதிலேயே விலையுயர்ந்த தவறு. நீக்கும்போது சில மென்பொருள்கள் தரவுத்தளத்தையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றன. வேறு சில, வெறுமையான புதுத் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டு பழையதை எங்கோ ஓர் ஓரத்தில் விட்டுவிடுகின்றன. வர்த்தகப் பதிவேடுகளை 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதி. ஒரு சேவை எழவில்லை என்பதற்காக அவ்வளவு ஆண்டுக் கணக்கையும் பணயம் வைக்கலாமா?

செய்ய வேண்டியது எளிது. வட்டின் நெரிசல் அடங்கும் வரை பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு தேடல் பெட்டியில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, எழாத சேவையின் மீது வலது சொடுக்கு செய்து ஸ்டார்ட் கொடுங்கள். உடனே எழுந்துவிட்டால் உங்கள் பிரச்சினை நேரப் பற்றாக்குறைதான் என்பது ஏறக்குறைய உறுதி. அந்தச் சேவையின் பண்புகளுக்குள் சென்று தொடக்க வகையை ஆட்டோமேட்டிக் (டிலேய்ட் ஸ்டார்ட்), அதாவது தாமதித்துத் தானாகத் தொடங்குவது என்று மாற்றுங்கள். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறது. மற்றச் சேவைகள் எழுந்து சுமார் 2 நிமிடம் கழித்து இது தொடங்கும். கல்லாவில் நிற்பவரிடம், கணினியை முடுக்கி நான்கைந்து நிமிடம் கழித்தே ரசீது மென்பொருளைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல மறந்துவிட்டு, மாற்றம் பலிக்கவில்லை என்று முடிவு கட்டுபவர்கள் பலர். பிற நிறுவனங்களின் சேவைகளில் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்யுங்கள். விண்டோஸின் சொந்தச் சேவைகளின் வகையில் கை வைக்க வேண்டாம்.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ்பைப்டைம்அவுட் என்ற மதிப்பை உருவாக்கி 30 வினாடியை 60 ஆக்கும் வழியும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டே சொல்லும் வழிதான். ஆனாலும் அதை முதல் மருந்தாகக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. தட்டு ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று பாராமல் காத்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டினால், உள்ளே வளரும் நோய் மறைந்துபோகும்.

பதிவைப் படிக்காமல் ஊகிப்பது, பதிவைக் கண்டு பயப்படுவது

எந்தச் சேவை, எத்தனை மணிக்கு, எதனால் தவறியது என்பதை விண்டோஸ் எழுதியே வைத்திருக்கிறது. ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் பகுதிக்குச் சென்று, சோர்ஸ் (மூலம்) என்ற கட்டத்தில் சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்று உள்ள வரிகளைப் பாருங்கள். 7009 என்ற எண் இருந்தால் காத்திருந்த நேரம் தீர்ந்தது என்று பொருள். 7000 என்பது தொடங்க முடியவில்லை என்ற பொது அறிவிப்பு. காரணத்தை அந்த வரிக்குள்ளேயே தேட வேண்டும். 7001 என்றால் அந்தச் சேவை தானாகத் தவறவில்லை, அது நம்பியிருக்கும் வேறொன்று தவறியிருக்கிறது. 7031, 7034 ஆகியவை எழுந்தபின் எதிர்பாராமல் நின்றுபோன சேவைகளைக் குறிப்பவை. 7038 வந்தால் கடவுச்சொல் பிரச்சினை. கடையில் யாரோ விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள். பழைய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு நுழைய முயலும் காப்புப்பிரதிச் சேவை வாசலிலேயே நின்றிருக்கும்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. ஈவன்ட் வியூவரில் ஆகப் பிந்திய நிகழ்வு மேலே இருக்கும். மேல் வரியைப் பார்த்து அதையே குற்றவாளி என்று முடிவு செய்கிறார்கள். கணினி எழுந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கிப் படித்து வர வேண்டும். முதலில் விழுந்த சேவையைச் சரிசெய்தால், அதைத் தொடர்ந்து 7001 என்று விழுந்த மற்றவை தாமாகவே எழுந்துவிடும்.

எந்தக் குறையும் இல்லாத கணினியிலும் சிவப்பு, மஞ்சள் குறிகள் ஏராளமாக இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டட்காம் என்ற பெயரில் வரும் 10016ஐப் புறக்கணித்துவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தொழில்நுட்ப உதவி என்ற போர்வையில் தொலைபேசியில் அழைக்கும் மோசடிக்காரர்கள் இந்தக் குறிகளைத்தான் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். பிழைச் செய்தியை இணையத்தில் தேடும்போது திடீரென்று திரையை மறைத்து ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கமும் அதே வகைதான். தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்டால் கொடுக்கவே கூடாது. சிங்பாஸும் வங்கிக் கணக்கும் திறந்திருக்கும் கணினி அது. ஐயம் எழுந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள். வீட்டில் தனியாகக் கணினி பார்க்கும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் கடமை.

தட்டே தேய்ந்திருந்தால்

அதே சிஸ்டம் பகுதியில், மூலம் டிஸ்க் என்று 7, 51, 153 போன்ற எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தட்டில் படிக்க முடியாத இடங்கள் இருக்கலாம். அல்லது ஒவ்வொரு கோப்பையும் பலமுறை முயன்றே எடுக்க முடிகிறது என்று பொருள். சேவைகள் 30 வினாடிக்குள் எழாததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி, தட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்துக் காட்டும். மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், இன்னும் தீர்மானம் ஆகாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கையும் பூச்சியத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அந்தத் தட்டை நம்பக் கூடாது.

இந்தக் கட்டத்தில் வட்டை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் ஓட்டுவதும், வட்டின் பிழைகளைச் சோதிக்கும் செக்டிஸ்க்கை முழு மேற்பரப்புச் சோதனையுடன் இரவெல்லாம் ஓடவிடுவதும் கொடிய தவறுகள். இரண்டும் தட்டின் மூலைமுடுக்கையெல்லாம் தொடுபவை. மூச்சு வாங்கும் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்வதற்கு ஒப்பானது இது. இருக்கும் உயிரை வைத்து முதலில் கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்துவிட வேண்டும். அதிலும் ஒரு வரிசை வேண்டும்: திரும்பக் கிடைக்காதவை முதலில். கணக்குகள், குடும்பப் படங்கள், ஆவணங்கள் முடிந்த பிறகு மற்றவை. திரைப்படங்களையும் நிறுவல் கோப்புகளையும் இணையத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

தட்டு நலமாக, ஆனால் மெதுவாக இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாறுவதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. நேரப் பற்றாக்குறையால் விழுந்த சேவைகள் அதோடு எழுந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நினைவகம் 4 ஜிபி மட்டும் என்றால், இடம் இருக்கும் பட்சத்தில் அதையும் கூட்டுங்கள். நினைவகம் நிரம்பும்போது விண்டோஸ் தட்டைத்தான் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. நெரிசல் இன்னும் கூடும்.

அணைத்து முடுக்கினால் புதுத் தொடக்கம் என்று நம்புவது

விண்டோஸ் 8 வந்த 2012ஆம் ஆண்டிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் முழுவதும் அணைவதில்லை. பயனர் வெளியேறியதும், விண்டோஸின் மையப் பகுதியான கருவும் சேவைகளும் இருந்த நிலை தட்டில் சேமிக்கப்படுகிறது. மறுநாள் அதே நிலை திரும்ப ஏற்றப்படுகிறது. ஆகவே நேற்றுச் சிக்கிக்கொண்ட சேவை இன்றும் அப்படியே சிக்கிக்கொண்டு எழலாம். இரவுதோறும் அணைக்கும் கணினியில், டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் அப் டைம் பல நாள்களைக் காட்டுவது இதனால்தான்.

எந்த மாற்றத்தைச் சோதிப்பதானாலும் ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுதான் எல்லாச் சேவைகளையும் புதிதாக எழுப்பும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுவதும் அணையும். இதை அறியாமல், சரியான மாற்றத்தைச் செய்துவிட்டு, அணைத்து முடுக்கிப் பார்த்து, பலனில்லை என்று அதையும் கலைத்துவிடுகிறவர்களைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

சில தவறுகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை வாங்காதீர்கள். அத்தகைய கருவிகளை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு வைரஸ் தடுப்பிகளை ஒரே கணினியில் வைக்காதீர்கள். விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் சேவைகளை நிறுத்திச் சோதிப்பதானால், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தை முதலில் குறியிடுங்கள். மறந்தால் உள்நுழைவதே தகராறாகிவிடும். அங்கே சிபியுவின் பிராசஸர் எண்ணிக்கையைத் தேர்ந்தால் வேகம் கூடும் என்ற அறிவுரையும் வீண். எதையும் குறியிடாதபோதே விண்டோஸ் இருப்பவை அனைத்தையும் பயன்படுத்துகிறது.

முடுக்கும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறதா? தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சரிபார்க்க முடியாமல், இணையத்தை நம்பியிருக்கும் சேவைகள் தவறும். பழைய கணினியில் முதலில் பார்க்க வேண்டிய மலிவான பொருள் இது. அச்சுப்பொறிச் சேவை எழுந்த கையோடு விழுந்துவிட்டால், சிக்கிக்கொண்ட பழைய அச்சு வேலை ஒன்று காரணமாக இருக்கலாம். சேவையை நிறுத்தி, சிஸ்டம்32 கோப்புறையின் உள்ளே ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைக் காலி செய்து மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் தீரும். அச்சுப்பொறியின் இயக்கியை (டிரைவரை) நீக்கித் திண்டாட வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் ஐந்தாறு மாற்றங்களைச் செய்வது எல்லாரையும் பிடிக்கும் ஆசை. ஒன்றை மாற்றுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், நடந்ததைத் தாளில் எழுதுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையற்ற செயலிகளை நிறுத்தும்போதும் அப்படியே. அங்கே ஹை என்று குறிக்கப்பட்டவை, தொடக்கத்தில் 1 வினாடிக்கு மேல் சிபியு நேரத்தையோ 3 எம்பிக்கு மேல் வட்டு வேலையையோ எடுத்துக்கொண்டவை. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மலைக்காமல் அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத கணினியை ஏற்பதில்லை. ஆகவே பணம் செலவழிக்கும் முன், இந்தக் கணினி இன்னும் எத்தனை காலம் இணையத்தில் பாதுகாப்பாக இருக்கும் என்றும் பாருங்கள். எஸ்எஸ்டி வாங்கினால் பின்னாளில் அதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய தாய்ப்பலகைக்குச் செய்யும் செலவு திரும்பி வராது.

பழுதுபார்க்கும் கடைக்கு, சிம் லிம் ஸ்குவேராக இருந்தாலும் அக்கம்பக்கக் கடையாக இருந்தாலும், அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: சேவையின் பெயர், ஈவன்ட் எண், தொடங்கிய தேதி, அதற்குச் சற்று முன் நிறுவியது என்ன, நீங்கள் மாற்றியது என்ன. தட்டை மாற்றினால் பழைய தட்டைத் திருப்பித் தரும்படி வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். உங்கள் மத்திய சேமநிதி அறிக்கைகளும் அடையாள அட்டை நகல்களும் அதில்தான் இருக்கின்றன. தேவையானவை அனைத்தும் புதிய தட்டில் திறக்கின்றனவா என்று சரிபார்த்து, பழையதை முழுவதும் அழித்த பிறகே கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் உள்ள மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.