யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் இலையைப் பாருங்கள்

கார்த்திகை பிறந்ததும் சம்பா வயலில் பனி இறங்கும். இரவெல்லாம் குளிர், பொழுது ஏறியும் காயாத இலை. குலைநோய்ப் பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்துத்தான் பயிர் சோர்ந்திருக்கிறதென்று யூரியாவை அள்ளி வீசுகிறோம். யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இலை இளசாகிவிடும். பூஞ்சை சுலபமாக உள்ளே இறங்கும். கரும்பச்சையாக நிற்கும் பயிரை வரப்பில் போகிறவர்கள் மெச்சுவார்கள். குலைநோய் முதலில் தேடி வருவதும் அந்த வயலைத்தான்.

ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடியுங்கள். புள்ளி இரு முனையும் கூர்மையாக, கண் வடிவில், நடுவே சாம்பலும் ஓரம் பழுப்புமாக இருந்தால் குலைநோய். மேலுரத்தை நிறுத்துங்கள். எள்ளைத் தூவியது போலச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளா? அது செம்புள்ளி நோய். சத்து வற்றிய மண்ணில், குறிப்பாகச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) போதாத இடத்தில் வருவது. 1942இல் வங்கத்து நெல்லைப் பாழாக்கியதில் இதற்கும் பங்குண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் வைத்தியம் தலைகீழாகிவிடும்.

இலை நுனியிலிருந்து ஓரமாக அலையலையாய் மஞ்சள் இறங்கினால் கடைக்கு ஓடாதீர்கள். இலையை வெட்டி, வெட்டுவாயைக் கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிடுங்கள். சிறிது நேரத்தில் பால் போலக் கசிந்தால் பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சைக்கொல்லிக்குக் கொடுக்கும் காசு வீண்.

மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் வெண்கதிரைப் பார்த்ததும் குலைநோய் மருந்து அடிப்பவர்களும் உண்டு. கதிரை இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் உள்ளே தண்டுத் துளைப்பான். கழுத்துக் கணு கறுத்து ஒடிந்தால்தான் குலைநோய். அதற்குள் அந்தக் கதிர் போனது போனதுதான். மருந்து கதிர் வெளிவரும் தருணத்திலேயே விழுந்திருக்க வேண்டும்.

அடிக்கும்போதும் ஒரு சிக்கனம் நடக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் தேவை, அதாவது 10 லிட்டர் டேங்கில் 20 முறை. கூலிக்குப் பயந்து 8 டேங்கோடு முடித்துவிட்டு, மருந்து போலி என்று திட்டுகிறோம்.

நெல்மணி மஞ்சள் உருண்டையாக மாறும் நெற்பழ நோயை ‘லட்சுமி நோய்’ என்று கொண்டாடுவது இன்னொரு கூத்து. உருண்டை தெரிந்த பிறகு எதை அடித்தும் பயனில்லை. கதிருக்கு முன் வரும் கடைசி இலையான கண்ணாடி இலைப் பருவத்தில் அடித்திருக்க வேண்டும். அந்த வயல் நெல்லை விதைக்கு எடுத்து வைக்கவே வைக்காதீர்கள்.