விற்காமல் போன மார்வின் கே ஆல்பம்: ‘ஹியர், மை டியர்’ஐ முதல்முறை கேட்பது எப்படி

அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயின் நடனப் பாட்டு ‘காட் டு கிவ் இட் அப்’ 1977-ல் அமெரிக்க பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் டிசம்பரில் வந்த ‘ஹியர், மை டியர்’ இரட்டை ஆல்பம் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 26-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆடவைக்கும் பாட்டை எதிர்பார்த்தவர்களுக்கு விவாகரத்து வழக்கு கிடைத்தது. எடுத்தவுடனே பிடித்துப்போகும் ஆல்பம் இல்லை இது. முறையாகக் கேட்டால் விடாது.

1. முழுப் பதிப்பை எடுங்கள். 14 பாட்டு, சுமார் 73 நிமிடம். பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் இருந்தால் அதையும். ஒரே மெட்டு மூன்று இடங்களில் திரும்பி வருகிறது. வரிசை குலைந்தால் அது ஏன் வருகிறது என்பதே புரியாது.

2. வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மார்வின் 1963-ல் மணந்த அன்னா, மார்வின் பாடிவந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் பெரி கோர்டியின் அக்கா. மார்வினைவிட 17 வயது மூத்தவர். விவாகரத்தில் அன்னாவுக்கு ஆறு லட்சம் டாலர் தரவேண்டும். கையில் பணம் இல்லை. எனவே அடுத்த ஆல்பத்தின் முன்பணத்திலிருந்து 3,05,000, ராயல்டியிலிருந்து 2,95,000 என்று ஒப்பந்தம். அந்த அடுத்த ஆல்பம்தான் இது. தலைப்பே ‘இந்தா, வாங்கிக்கொள்’ என்கிற தொனியில் இருப்பது அதனால்தான்.

3. அட்டையை விரித்துப் பாருங்கள். உள்ளே மோனோபலி போல ஒரு விளையாட்டுப் பலகை, அதன் பெயர் ‘ஜட்ஜ்மென்ட்’. அதற்கு மேலாக ஓர் ஆணின் கை, ஒரு பெண்ணின் கைக்கு இசைத்தட்டை நீட்டுகிறது.

4. ஹெட்ஃபோன் கட்டாயம். பின்னணிக் குரல்களில் பெரும்பாலானவை மார்வினே பாடி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்தவை. ஒரு குரல் கெஞ்சும்போது இன்னொன்று குத்திக்காட்டும். போன் ஸ்பீக்கரில் பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி காணாமல் போகும், குரல்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும்.

5. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இரண்டு இசைத்தட்டுக்கும் சேர்த்து நான்கு பக்கம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 18 நிமிடம். முதல் நாள் முதல் பக்கத்தின் நான்கு பாட்டு போதும்.

முதல் பாட்டின் தொடக்கத்தில் அவர் பாடுவதில்லை, பேசுகிறார்: இந்த ஆல்பம் உனக்குச் சமர்ப்பணம் என்று. இரண்டாவது, பல குரல்கள் சேர்ந்து பாடும் பழைய டூ-வாப் பாணியில் காதல் நாட்களை நினைக்கிறது. மூன்றாவதான ‘வென் டிட் யூ ஸ்டாப் லவிங் மீ, வென் டிட் ஐ ஸ்டாப் லவிங் யூ’தான் ஆல்பத்தின் உயிர். கோரஸைத் தேடாதீர்கள், பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வரும் வழக்கமான கோரஸ் இதில் இல்லை. இரவில் தூக்கம் வராமல் ஒருவர் தனக்குத்தானே பேசுவதுபோல ஆறு நிமிடம் ஓடுகிறது. முதலில் வரிகளைப் படிக்காமல் கேளுங்கள். அடுத்தமுறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

6. மூன்றாம் பக்கத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ‘அன்னாஸ் சாங்’ பாட்டில் அவள் பெயரை நீட்டி அழைக்கும் இடம் வரும். அவ்வளவு கோபத்துக்கு நடுவே அந்த ஒற்றைப் பெயரில் மட்டும் கோபம் இல்லை. ஒலியைச் சற்றுக் கூட்டிக் கேளுங்கள். அடுத்து மூன்றாவது பாட்டின் மெட்டு வாத்திய இசையாக வரும், தாண்டிப் போகாதீர்கள்.

7. கடைசிப் பக்கம். ‘எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்’ விண்வெளிக்குத் தாவுவது முதலில் ஒட்டாது. எட்டு நிமிடத்துக்கு மேல். பேஸைப் பிடித்துக்கொண்டே போங்கள். அப்புறம் ஜீவனாம்சத்தைப் பற்றிய பாட்டு, பிறகு ‘ஃபாலிங் இன் லவ் அகெய்ன்’ என்று புதுக் காதல். அது முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. புதுக் காதலுக்குப் பிறகும் அதே பழைய கேள்விதான் அதில் வருகிறது.

அது தேய்ந்து அடங்கியதும், நேரே மூன்றாவது பாட்டுக்குத் திரும்புங்கள்.