சொந்த நிலத்து மரத்தை வெட்ட உள்ளாட்சி அனுமதி பெறுவது எப்படி

மரம் உங்கள் நிலத்தில் நிற்கிறது, நட்டதும் நீங்கள்தான். ஆனாலும் பல ஊர்களில் அதை வெட்ட உள்ளாட்சி அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். மனுவைப் பார்க்கும் அதிகாரிக்கு உங்களுக்கு அந்த மரம் வேண்டுமா, வேண்டாமா என்பது முக்கியமில்லை. வெட்டாமல் பிரச்சினையைத் தீர்க்க வழியில்லையா என்பதுதான் அவர் கேள்வி. அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லாத மனு பெரும்பாலும் தள்ளுபடியாகிறது.

முதல் வேலை, மரம் விதிக்குள் வருகிறதா என்று பார்ப்பது. அடிமரத்தின் பருமன், மரத்தின் இனம், நிலம் இருக்கும் இடம் (பாரம்பரியப் பகுதி, ஆற்றங்கரை, மலைச்சரிவு) ஆகியவற்றை வைத்துப் பாதுகாப்பு வரும். குறிப்பிட்ட ஒரு மரத்துக்கென்றே தனி உத்தரவும் இருக்கலாம். பலரும் கோட்டைவிடுவது கட்டட அனுமதியில்தான்: முந்தைய உரிமையாளர் வாங்கிய வரைபட ஒப்புதலில் "இம்மரம் நீடிக்க வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தால், நிலம் கைமாறினாலும் அது உங்களையும் கட்டுப்படுத்தக்கூடும். அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். கேள்வியும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

"வெட்டுதல்" என்றால் அரிவாள் வைப்பது மட்டும் அல்ல. பட்டையை வளையமாக உரிப்பது, வேரில் களைக்கொல்லி ஊற்றுவது, தாங்குவேரை அறுப்பது, கிளைகளையெல்லாம் கழித்து மொட்டையடிப்பது எல்லாமே பல விதிகளில் மரத்தை அழித்ததாகவே கொள்ளப்படும். சாதாரணக் கவாத்துக்கும், அதாவது கிளைகளை அளவோடு கழிப்பதற்கும், வரம்பு உண்டு. ஒரே ஆண்டில் உயிருள்ள பசுந்தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மரப் பராமரிப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

அளப்பது

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. அடிமரத்தைத் தரையை ஒட்டி அளக்கக் கூடாது. பல நாடுகளில் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பார்கள், அமெரிக்காவில் 4.5 அடி, பிரிட்டனில் 1.5 மீட்டர். உங்கள் உள்ளாட்சி விதியில் எந்த உயரம் என்று பார்த்து அதையே எடுங்கள். விதியில் இருப்பது சுற்றளவா, விட்டமா என்பதையும் கவனியுங்கள். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம்: 157 செ.மீ. சுற்றளவு என்றால் 50 செ.மீ. விட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பாதுகாக்கப்பட்ட மரத்தைச் சின்ன மரம் என்று வெட்டிவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு.

சரிவான நிலத்தில் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து உயரத்தைக் கணக்கிடுவது வழக்கம். சாய்ந்த மரத்தில் டேப்பைத் தண்டுக்குக் குறுக்காகச் சுற்றுங்கள், தரைக்கு இணையாக அல்ல. கொடி படர்ந்திருந்தால் விலக்கிவிட்டு அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முண்டு புடைத்திருந்தால் அதற்குக் கீழே ஒடுங்கிய இடத்தில் அளந்து, அதை மனுவில் குறிப்பிடுங்கள். அடியிலேயே கவைத்துப் பல தண்டாக நிற்கும் மரத்துக்குச் சில விதிகள் எல்லா விட்டத்தையும் கூட்டச் சொல்லும், சில விதிகள் ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கச் சொல்லும். 30, 40 செ.மீ. தண்டுகள் இரண்டு இருந்தால் முதல் முறையில் 70, இரண்டாவதில் 50.

ஆதாரம்

இலை கொட்டுகிறது, பறவை எச்சமிடுகிறது, வெளிச்சம் மறைக்கிறது என்ற காரணங்கள் அநேகமாக எங்கும் எடுபடாது. எடுபடுவது நான்கு: மரம் பட்டுப்போனது, நோய் முற்றியது, விழும் அபாயம், கட்டடச் சேதம். ஒப்புதல் பெற்ற கட்டுமானமும் ஒரு காரணம்தான். ஆனால் வீட்டை இரண்டு மீட்டர் தள்ளிக் கட்ட முடியாதா என்ற கேள்வி கட்டாயம் வரும்.

அபாயம் என்றால் எங்கே, என்ன பழுது என்று காட்ட வேண்டும். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. சுற்றியுள்ள நல்ல மரச்சுவர் ஆரத்தில் சுமார் 30 சதவீதத்துக்குக் குறைந்தால் கவலைப்படலாம் என்பது வல்லுநர்களிடையே ஒரு தோராயக் கணக்கு, 60 செ.மீ. விட்ட மரத்துக்கு 9 செ.மீ. இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதை வல்லுநர்களில் பலர் ஏற்பதில்லை. அடியில் காளான், ஒரு பக்கம் மண் வெடித்து எழும்புவது, புதிதாக வந்த சாய்வு ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். மரம் அறுக்கும் ஒப்பந்தக்காரரே எழுதித்தரும் அறிக்கைக்கு மதிப்புக் குறைவு. வெட்டினால்தானே அவருக்குக் கூலி!

சுவர் விரிசலுக்கு ஒரே ஒரு புகைப்படம் போதாது. விரிசலின் இரு பக்கமும் குறி வைத்து, மாதாமாதம் அகலத்தை மில்லிமீட்டரில் தேதியோடு எழுதுங்கள். வறட்சியில் விரிந்து மழையில் சுருங்கினால், களிமண்ணின் ஈரம் ஏறி இறங்குவதே காரணமாக இருக்கலாம். மரம் அந்த ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆனால் வீட்டைவிட மூத்த மரத்தை அத்தகைய மண்ணில் சட்டென்று வெட்டினால், மண் மறுபடி ஈரம் குடித்து உப்பி அடித்தளத்தையே தூக்கிவிடலாம். வெட்டுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்பது உங்கள் வீட்டின் நன்மைக்காகவும்தான்.

மனுவோடு நில உரிமை ஆவணம், மரத்தையும் எல்லையையும் கட்டடத்தையும் அளவோடு காட்டும் வரைபடம், முழு மரம், அடிமரம், பழுது மூன்றுக்கும் தனித்தனிப் புகைப்படம், வெட்டும் மரத்துக்கு ஈடாக மாற்று மரம் நடும் இடம் ஆகியவை வேண்டும். அடிமரம் எல்லைக்கோட்டின் மீது நின்றால் பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் வாங்குங்கள். பல நாட்டுச் சட்டங்களில் அது இருவருக்கும் பொது மரம். வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் கடிதத்தையும், அடுக்குமாடியில் இருப்பவர் சங்கத்தின் தீர்மானத்தையும் சேர்க்க வேண்டும்.

கள ஆய்வுக்கு வரும் நாளில் மரத்தில் எண்ணோ வண்ணக் குறியோ தெளிவாகத் தெரியட்டும். அது முடியும்வரை ஒரு கிளையையும் தொடாதீர்கள்.

அனுமதி வந்ததும் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். காலாவதித் தேதி, வெட்டக்கூடிய மரத்தின் எண், மாற்று மரத்துக்காகக் கட்டும் வைப்புத்தொகை, பறவை கூடு கட்டும் காலத்துக்கான தடை எல்லாம் அங்கேதான் இருக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை வெட்டக் கூடாது என்ற விதியும் சில இடங்களில் உண்டு. சந்தனம் போன்ற இனங்களுக்கும், தடியை வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் வனத்துறையின் தனி அனுமதி தேவைப்படலாம். மின்கம்பி அருகே இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் ஆளை ஏற்றவே கூடாது. அறுக்கும் நாளில் அனுமதி நகல் மரத்தடியில் இருக்கட்டும், ஏனென்றால் அக்கம்பக்கத்தார் புகார் அன்றைக்குத்தான் போகும்.

புயலில் பாதி சாய்ந்த மரத்துக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க முடியாது; பல விதிகள் அவசரத்துக்கு விலக்குத் தருகின்றன. முதலில் நாலா பக்கமும் படம் எடுங்கள், அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள், அபாயத்தை நீக்கத் தேவையான அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். அழுகிய துண்டையும் தூரையும் அதிகாரி பார்க்கும்வரை அப்படியே வையுங்கள். விறகாக்கி விற்றுவிட்டால் பிறகு காட்ட எதுவும் இருக்காது.

மனு தள்ளுபடியானால் அதே மனுவை மறுபடி கொடுப்பதில் பயனில்லை. உத்தரவில் சொன்ன காரணத்தைப் பிடித்து, அந்தக் குறையை மட்டும் நிரப்பும் புதிய அறிக்கையோடு கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். கவாத்துக்கும் கிளைகளைக் கம்பியால் பிணைத்துத் தாங்கவும் அனுமதி கேட்பது இன்னொரு வழி; அது எளிதில் கிடைக்கிறது, பலருடைய பிரச்சினை அதிலேயே தீர்ந்தும் விடும். வெட்ட அனுமதி கிடைத்தவர்கள் மாற்றுக் கன்றை நட்ட அன்றே தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். கன்று பட்டுப்போனால் மறுபடி நட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், அது பிழைத்து நிற்பதைக் காட்டிய பிறகே வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும்.